கீழூருக்குப் போன நாற்று

நடவு முடிந்தும் நாற்று மிஞ்சிவிட்டது. நாற்று முடிகளை வரப்பில் அடுக்கிய செல்லியம்மா, கீழூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலூரில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு அது பிறந்த ஊர். கூப்பிடு தூரம்தான், ஆனால் போய் நாலு வருஷமாகிறது. ஏரித் தண்ணீருக்காக இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்ட அன்றே மேலூர்க்காரர்கள் கீழூருக்குத் தண்ணீர் போகும் கீழ்மதகை அடைத்துவிட்டார்கள். புத்தூரிலிருந்து தாசில்தார் ஜீப்பில் வந்து ராஜி பேசினார். டீ குடித்து முடிக்கும் வரை ராஜிதான். ஜீப் திரும்பியதும் பழைய கதை.

செல்லியம்மாவுக்கு வழக்கும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம். தம்பி துலுக்காணம் பொங்கல் வரிசையோடு வாசலில் வந்து நிற்க வேண்டும். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வருமென்று ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருக்கோடியைப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துப்போயிற்று.

"கீழூர்ல நாத்தங்காலெல்லாம் காஞ்சிப்போச்சாம்," என்றாள் புருஷனிடம்.

அந்தச் சண்டையில் நெற்றி பிளந்தவன் ரங்கையா. முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன். இங்க நடக்கறது எனக்கு இன்னா தெரியும்?"

அது போதும் அவளுக்கு. முடிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு எல்லை வரப்புக்குப் போனாள். தம்பி கழனியில்தான் இருந்தான்.

"உங்க ஊரு நாத்து எங்களுக்கு வேணாங்கா."

"எந்த ஊரு நாத்துடா? என் கல்யாணத்துக்கு நைனா குடுத்த வெதநெல்லு. மூட்டைய நீதான தூக்கினு வந்த?"

இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள், வழியெல்லாம் அழுகை.

மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையிலிருந்து பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரில் சேறாக்கிய ஒரு துண்டுக் கழனியில் பச்சை தெரிந்தது. அன்று அவளுக்கு வயிறு நிறைந்தது. ஆனால் கிணறு எத்தனை நாள் தாங்கும்? பச்சை மெல்ல மஞ்சளாயிற்று. பயிர் செத்தால் தம்பி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரங்கையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வாரம் ஊர்க்கூட்டம். "மதகத் தொறந்தா நம்ம மானம் இன்னாத்துக்காவும்?" என்றார் பெரியவர் வேதாச்சலம்.

ரங்கையா நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே எழுந்தான். "நம்ம நாத்து அங்க காயுது," என்றான்.

வேதாச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க, காட்டு."

ஒவ்வொருவராக ஏரிக்கரை ஏறினார்கள். செல்லியம்மா அவர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே துலுக்காணம் குடத்தைச் சாய்த்து ஒவ்வொரு நாற்றுக் குத்துக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கரைமேல் அத்தனை பேரைக் கண்டதும் நிமிர்ந்தான். குடத்தை நிமிர்த்த மறந்துவிட்டான். தண்ணீர் அவன் காலடியில் ஒழுகிக்கொண்டே இருந்தது.