காப்பிக் கோப்பையில் ஒரு பொய்மீன்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பின்லாந்தின் வடகோடியில் ஓடும் தெனோ ஆற்றில், இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று, தொப்பியைக் கழற்றிச் சொல்கிறேன். (முழங்கால் அளவுதான். மற்றதெல்லாம் சத்தியம்.)

கதை எனக்குப் பக்கத்து வீட்டு யோவ்னாவிடமிருந்து கிடைத்தது. சொல்லும்போது அழுதான். இல்லை, மூக்கைச் சிந்தினான்.

'ஜூன் மாதம், பனி உருகி, ஆறு பெருக்கெடுத்து…' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஆற்றுக் கதைகளெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அடித்துவிட்டேன்.

2

காப்பியிலிருந்து ஆரம்பிக்கலாம். யோவ்னாவின் மனைவி ரவ்னா, சால்மன் மீனை ஏமாற்ற, தூண்டில் நூலில் கட்டும் பொய்மீனை மரத்தில் செதுக்குவாள். கலங்கல் தண்ணீருக்கு எந்த நிறம் என்று பார்க்க, பால் விட்ட காப்பிக்குள் மெல்ல இறக்குவாள். கடைசியாக மறைகிற நிறமே அந்த வருஷத்து நிறம்.

"மீனுக்கு எது தெரியும்னு உனக்கெப்படித் தெரியும்?" என்பான் யோவ்னா.

"உங்களைப் பிடிச்சேன்ல?"

ஒருநாள் அவள் தம்பி பியெரா வந்து கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டான்.

"அக்கா, காப்பியில என்னமோ இடறுது."

"முழுங்கிராதடா. அப்புறம் உன்னையும் தராசுல தூக்கணும்."

அந்த வருஷம் தேறியது கறுப்பு முதுகு, சிவப்பு வயிறு. சிவப்பு அவளுடைய நகப்பூச்சு. கறுப்பு, நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்புக் கரி. அந்த நிறத்தைப் பார்த்து ஒரு சால்மன் வாயைத் திறந்தபடியே மூன்று கிலோமீட்டர் படகின் பின்னால் வந்தது. துறையில் இறங்கி, கையால் தூக்கினோம்.

(எங்கள் கரையில் மீனின் எடையைக் கூட்டிச் சொன்னால் மானம் போய்விடும். எந்த நிறத்துக்குக் கடித்தது என்று உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். யோவ்னா எல்லோரிடமும் 'நீலம்' என்றே சொல்லிவந்தான்.)

3

போன குளிர்காலத்தில் ரவ்னா போய்ச் சேர்ந்துவிட்டாள். சமையலறை ஜன்னலில் கடைசிப் பொய்மீன் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைக் கையில் எடுத்தபோது, வயிற்றில் அவள் விரல் ரேகை…

நான் இல்லை, யோவ்னா. திருத்திப் படியுங்கள்.

ஜூனில் ஆறு காப்பியாக ஓடியது. அவள் கோப்பையில் வைத்துப் பார்த்த அதே நிறம். பியெரா துடுப்புப் போட்டான். யோவ்னா பொய்மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கட்டுறீங்களா இல்லையா, அத்தான்? கை கழலுது."

"அடியில பூராவும் பாறைடா. மாட்டுச்சுன்னா போச்சு. இன்னொண்ணு யாரு செய்வா?"

"கையிலயே வச்சிருந்தா முட்டையா போடப்போவுது? அக்கா இதை ஆத்துக்குத்தான செஞ்சா?"

(பியெரா இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவன் இல்லை. ஆனால் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.)

4

முடிவுகள் கையிருப்பில் உள்ளன. கட்டினான், பத்தொன்பது கிலோ. இது பியெராவுக்குப் பிடிக்கும். கட்டினான், பாறை வாங்கிக்கொண்டது. இது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். கட்டவில்லை; வீட்டுக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் இரண்டு காப்பி போட்டான். அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

படகு நடு ஆற்றில் நிற்கிறது. பியெராவுக்குக் கை வலிக்கிறது. தூண்டில் நூலின் முனையை உங்களிடம் தருகிறேன். கட்டுவதானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

பொய்மீன் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நூல் கோக்க அதில் அவள் துளையே போடவில்லை.