தலைமாட்டுப் பை

ஷூவாய் அப்பாவின் கட்டிலைப் புரட்டிப் போட்டுவிட்டாள். அடியில் கிழிந்த செருப்பும் ஒரு வாளியும்தான். பை இல்லை. முற்றத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சாட்ஸா களி கிண்டும் புகை ஜன்னல் வழியே வந்து கண்ணைக் கரித்தது. அடுத்த அறையில் சவப்பெட்டியை மூடியாகிவிட்டது.

"என்னம்மா, கிடைச்சுதா?"

வாசலில் சிகோவா நின்றார். குரோம் தாது வாங்கும் கம்பெனியின் ஏஜெண்ட். எழவு வீட்டுக்குக் காகிதத்தோடு வந்த மனுஷன்.

"இல்லேன்னா கம்பெனி கணக்கை ஒத்துக்கறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. பெய்ரா துறைமுகத்துல கப்பல் நிக்குது."

"எங்கப்பா இன்னும் வீட்டை விட்டே போகலை சார்."

"நான் என்ன பண்றது? கெடு இன்னிக்கு அஞ்சு மணியோட சரி. உங்கப்பா ஒத்துக்கிட்ட ஒப்பந்தம்தானே?"

ஒத்துக்கொண்டதுதான். அப்பா வெட்டி ரயிலடியில் குவித்த தாதுவில் மாதிரி எடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று அப்பாவுக்கு. மூன்றாவதை ஒரு பையில் கட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு அரக்கு வைத்தார்கள். தகராறு வந்தால் அந்தப் பை ஹராரேயில் பொது ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அவர்கள் சொல்வதே முடிவு. கெடுவுக்குள் போகாவிட்டால் கம்பெனி சொன்னதே முடிவு.

அப்பாவின் சோதனையில் குரோம் நூற்றுக்கு நாற்பத்தாறு வந்தது. கம்பெனி முப்பத்தெட்டு என்றது. "கிழவன் வெறுங்கல்லைக் கலந்துட்டான்" என்று ரயிலடியில் பத்துப் பேர் முன்னால் சொன்னவர் இதே சிகோவாதான். அப்பா புதன்கிழமை பஸ்ஸில் பையைத் தானே கொண்டுபோவதாக இருந்தார். செவ்வாய்க்கிழமை அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அவள் கையெழுத்துப் போட்டால், எங்கப்பா திருடன் என்று அவளே எழுதிக்கொடுத்த மாதிரி.

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னத்த உருட்டுறே?"

"அரக்கு வச்ச பை பெரியப்பா. அப்பா தலைமாட்டுலயே இருக்குமே?"

"அதுவா? பெட்டிக்குள்ள வச்சுட்டேன். தட்டு, குவளை, அவன் சுத்தியல், அந்தப் பை. தலைமாட்டுல வச்சுப் படுத்தவனாச்சேன்னு கழுத்துக்கு அடியில குடுத்தேன். கூடவே போகட்டும்."

ஷூவாய் கட்டிலை விட்டு நிமிர்ந்தாள். "பெட்டியத் திறங்க."

"வாயக் கழுவு! முகம் பாத்து மூடின பெட்டியத் திறக்கறதா? நம்ம வம்சத்துலயே கிடையாது."

"பெரியவர் சொல்றது நியாயம்தானேம்மா," என்றார் சிகோவா. அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது ஷூவாய்க்கு. விடவில்லை. முற்றத்துக்கு ஓடினாள்.

அங்கே மாக்கோனி அப்பாவின் சுரங்க ஹெல்மெட்டையும் கோட்டையும் போட்டுக்கொண்டு, அப்பா மாதிரியே இருமி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் இந்தக் குடும்பத்தின் சாஹ்விரா, பரம்பரைச் சடங்குத் தோழர். சாவு வீட்டில் யாரையும் எப்படியும் கேலி செய்யும் உரிமை சாஹ்விராவுக்கு உண்டு; அன்றைக்கு அவர் கேட்டதை மறுக்கக் கூடாது. பை போன இடத்தை ஷூவாய் அவர் காதில் சொன்னாள். அவர் இருமலை நிறுத்தினார்.

பெட்டியைத் தூக்கி வந்தபோது மாக்கோனி வாசற்படிக்குக் குறுக்கே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"டேய், நில்லுங்கடா! என்னை எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? எனக்கு ஹராரே பஸ்ஸு இருக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எழுந்திரு மாக்கோனி," பெரியப்பா பல்லைக் கடித்தார்.

"மாக்கோனியா? நான் உன் தம்பிடா! சிங்கக் குலத்தான்! என்னை ஒருத்தன் ஊர் முன்னாடி திருடன்னான்." செருப்பைக் கழற்றிக் காதில் வைத்துக்கொண்டு சிகோவா குரலில் பேசினார். "அலோ, அலோ, கப்பல் நிக்குது! கையெழுத்துப் போடு, கப்பல் நிக்குது!" பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கீழே போட்டார். "என் பையக் குடுங்கடா. நான் கல்லு கலந்தேனா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் செத்துக்கறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"பொணத்தோட கிடந்த பை செல்லாது," என்றார் சிகோவா.

"அரக்கு உடையலேன்னா செல்லும். நானும் ஒப்பந்தத்தைப் படிச்சேன். அதுல உங்க கையெழுத்தும் இருக்கு சார்," என்றாள் ஷூவாய்.

பெரியப்பா பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். "திறங்க," என்றார்.

பையை அவளேதான் உருவினாள். அரக்கு முழுசாக இருந்தது. பை வந்ததும் அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஷூவாய் தன் தலைத்துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, கழுத்துக்கு அடியில் வைத்து நேராக்கினாள்.

பெற்றவனைப் புதைக்கும்போது பெண் தலையை மூடாமல் நிற்கக் கூடாது. பெரியப்பாவே மண்ணை அள்ளி அவள் கையில் கொடுத்தார். முதல் பிடி மண்ணைப் போட்டவள், வெறுந்தலையில் பையை ஏற்றிக்கொண்டு சாலைக்கு இறங்கினாள். பை கனத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி ஹராரே போகும் பகல் பஸ்ஸை மறித்தாள்.