தீர்த்தன் களத்தோடு நின்ற ரோடு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கொடுக்கிறவனைக் கண்டால் கை தட்டத்தான் தெரிகிறது. ஏன் கொடுக்கிறான் என்று கேட்கத் தெரியவில்லை. எங்கள் காலத்தில் ஒருவன் ஒரு படி ராகி சும்மா கொடுத்தால், புழு இருக்கிறதா என்று முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம்.

அரூரிலிருந்து சித்தேரி மலையடி வரைக்கும் ரோடு போட ஆரம்பித்தார்கள். ஜெர்மன்காரன் சண்டை வந்தது, பணமில்லை என்று ஜில்லா போர்டு பாதியில் நிறுத்திவிட்டது. நின்ற இடம் என் பங்காளி தீர்த்தனின் களத்து முன்னால். பஸ் அங்கேதான் திரும்புகிறது. கண்டக்டர் அரூரில் நின்றுகொண்டு, "தீர்த்தன் களம், தீர்த்தன் களம்" என்று கூவுகிறான். எங்கள் வம்சத்தில் மூத்த வீடு என்னுடையது. அவன் பேரை ஊர் ஊராகக் கூவினால் எனக்குச் சோறு இறங்குமா? டிக்கெட் வாங்கும்போது அந்தப் பேரை நான் சொல்வதே கிடையாது. "ரோடு நிக்கிற எடத்துக்கு ஒண்ணு குடு" என்பேன்.

மிச்ச ரோட்டுக்குப் பணம் எப்படிச் சேர்ப்பது என்று அரூரில் அப்துல் ரஷீத் பாயின் புளி மண்டியில் கூடினோம்.

"சண்டை ஓய்ஞ்சுது, மூணுல ரெண்டு பங்கு இப்ப போர்டு போடுதாம். ஒரு பங்கு ஊரு போடணும். என்னால ஆன ரொக்கத்தை நான் தர்றேங்க" என்றார் பாய்.

"மலைப்புளி மண்டியில வந்து எறங்கணும், அதுக்குத் தர்றீங்க" என்றேன்.

"ஆமாங்க பெரியவரே! இல்லேன்னா மலைமேல எனக்கென்ன மாமியார் வூடா இருக்கு?"

இப்படி ஒப்புக்கொள்கிறவனை நம்பலாம்.

மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சித்தேரி மாது எழுந்தான். "எங்ககிட்ட காசு இல்லீங்க. கல்லு ஒடைக்க வூட்டுக்கு ஒரு ஆளு எறங்கி வர்றோம். போன மாசம் எந்தங்கச்சியப் பிரசவத்துக்கு டோலியில தூக்கிக்கிட்டு வந்தோம். பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு வர்றதுக்குள்ள..." அதோடு உட்கார்ந்துவிட்டான்.

நான்தான் பேசினேன். "மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்குச் சின்ன ரயிலு வுட்டாங்க. சண்டைன்னதும் தண்டவாளத்தையே பேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இரும்பைப் பேத்தவன் ஜல்லியைப் பேக்க மாட்டானா?"

அப்போதுதான் தீர்த்தன் எழுந்தான்.

"ஜல்லி இழுக்க என் ரெண்டு வண்டியும் வுடறேன். வேலை முடியறவரைக்கும் வாடகை வேணாம்."

கை தட்டினார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். "மலையடியில பஸ்ஸு திரும்ப சின்னக்கண்ணு அண்ணன் களம்தான் தோது. அண்ணன் சரின்னா போதும்."

எல்லாத் தலையும் என்மேல்.

"ஏண்டா, உன் களத்துக்கு என்ன வந்துச்சு?"

"ஐயோ, எடுத்துக்கிட்டுப் போணா! அந்தக் கரி போட்டு ஓட்டுற பஸ்ஸு புகையில ராகியெல்லாம் கறுத்துப்போச்சு. களியக் கிண்டினா வாயில கரி கடிக்குது. போற வர்றவனெல்லாம் தண்ணி கேட்டு, கொடம் தூக்கியே எம்பொஞ்சாதிக்கு இடுப்பு போச்சு. அந்தப் பேரும் வேணாம், புகையும் வேணாம்!"

மண்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் எதைப் பார்த்து என் வயிறு எரிந்ததோ, அதை இவன் எச்சில் இலையைப் போல என் பக்கம் தள்ளுகிறான். நல்லதென்றால் விடுவானா? கெட்டதென்றால் எனக்கெதற்கு? நல்ல மாட்டின் கயிற்றை அவிழ்த்து, ஓட்டிக்கொண்டு போ என்று எவன் கொடுப்பான்? அதோடு, என் களத்தில் பஸ் திரும்பினாலும் வண்டி விட்டவன் அவன். தீர்த்தன் போட்ட ரோடு என்றுதான் ஊர் சொல்லும்.

"என் களம் கெடையாது."

"பெரியப்பா, எந்தங்கச்சி புள்ளைங்க மூணும் தாயில்லாம நிக்குதுங்க" என்றான் மாது.

"எனக்கும் வருத்தந்தாண்டா. அதுக்கு இவன் வாரிக் கொட்டுற சாம்பலை நான் மடியில வாங்கிக் கட்டிக்கணுமா?"

பின்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குள்ளம்மாள் எழுந்தாள். என் காட்டுக்கு முந்தின காடு அவளுடையது.

"அண்ணனுக்கு முடியாதுன்னா என் மேட்டாங்காட்டுல திரும்பட்டும். கல்லும் முள்ளுமாத்தான் கெடக்குது."

"கால் மைலு முன்னால நிக்கும், அவ்வளவுதானே! முடிஞ்சுது!" பாய் தொடையில் தட்டினார். மாது அவள் காலில் விழப் போனான். "போடா, போய்க் கல்லை ஒடை" என்று அவனை விரட்டினாள். அவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. யாரோ அவளை நல்ல மூட்டையாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவன்கூட எழுந்து அங்கே போய்விட்டான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தீர்த்தன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"ணா, கோவிச்சுக்காத. பாய் டீ சொல்லியிருக்காரு, குடிச்சுட்டுப் போ."

"நீயே குடி."

சந்தைத் தெருவோடு நடந்தேன். யாரும் கேட்காமலே தன் காட்டைத் தூக்கிக் கொடுக்கக் குள்ளம்மாளுக்கு எப்படி வாய் வந்தது? அவளும் தீர்த்தனும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள். ரோடு போடட்டும், பஸ் ஓடட்டும். ரெண்டு வண்டியையும் சும்மா விடுகிறவன் தீர்த்தனில்லை. இதில் அவனுக்கு ஏதோ இருக்கிறது.