நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அக்கா

...இந்தக் காற்புள்ளியை நேற்றுத்தான் எடுத்தேன், இன்று திரும்பவும் போட்டிருக்கிறேன், நாளைக்கு எடுப்பேன், இதற்குத்தானா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி இருபது நாள் விடுப்பு வாங்கினேன், இன்றோடு அதுவும் தீர்ந்தது, நாளைக் காலை ஏழு மணிக்கு ஊசியும் கையுமாக நிற்க வேண்டும், நாவலோ எங்கே நின்றதோ அங்கேயே ஆணி அடித்தாற்போல, எட்டாம் அத்தியாயத்தின் கடைசி வரி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்... எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால். ஓட்டம் பிடிபட வேண்டுமென்று தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவது, பத்துப் பக்கம் இருந்தபோது ஐந்து நிமிட வேலை, இப்போது பேனாவும் கையுமாகத் திருத்தித் திருத்திக் கடைசிப் பக்கம் வருவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடுகிறது, மூளையும் சேர்ந்து வெந்துவிடுகிறது. முதல் அத்தியாயம் பளபளன்னு இருக்குடி, அப்புறம் என்ன ஆச்சு, என்று கேட்டாள் என்கூட வேலை பார்ப்பவள். பளபளக்காமல் என்ன செய்யும், அத்தனை தேய்ப்புத் தேய்த்திருக்கிறேன். அப்புறம்தான் ஒன்றும் ஆகவில்லை.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இவர் எட்டிப் பார்க்கிறார். "இன்னும் மொதல் பக்கத்துலயா இருக்கே? விட்ட எடத்துலேருந்து எழுதினா என்ன?" வந்துவிட்டார் யோசனை சொல்ல, தலையணை உறையை ஒழுங்காக மடிக்கத் தெரியாது. "ஓட்டம் வரணுங்க." "ஓடி எங்க போகணும், ஒன்பதாவது அத்தியாயத்துல என்னதான் நடக்குது?" "அக்கா வீட்டை விட்டுப் போறா." மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "உங்க அக்கா மாதிரியா?" இது கதைங்க, என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டார், வேறு எதுவும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

கதைதான், கதையில்லாமல் என்ன... அவள் போய்ப் பதினொரு வருஷம். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டை, அக்கா தோளில் பையோடு கதவருகே நின்றாள், போகிறவள் அவ்வளவு நேரமா நிற்பாள், நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்றுதானே நின்றாள், நானும் சொன்னேன், போனாப் போ, யாரு உன்னை இருக்கச் சொன்னது. எழுத வராத வரியா இது, எழுத்து மாறாமல் தெரியும். ஓட்டம் வரவில்லையாம், ஓட்டம். முதல் பக்கத்தில் அக்கா எனக்குத் தலை பின்னிவிடுகிறாள், வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இழுக்கிறாள், தினமும் காலையில் அவளை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறேன், மத்தியானத்துக்குள் கதவுவரை கூட்டிப்போய் நிறுத்திவிட்டுத் தாள்கட்டை மூடி வைத்திருக்கிறேன், இருபது நாளும். எனக்கே எரிச்சலாக வருகிறது. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, படிக்காமல், யோசிக்காமல் எழுதினேன்: அக்கா பையைக் கீழே வைத்தாள். இருபது நாளில் ஒரே ஒரு புது வரி, அதுவும் பச்சைப் பொய், அவள் வைக்கவேயில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, சாப்பிட வா, என்கிறார் இவர். அடிக்கத்தான் வேண்டும் இந்த வரியை... சாப்பிட்டுவிட்டு வந்து அடித்துக்கொள்ளலாம்.