தேவையும் தேவையும்

முப்பத்திரண்டு மேசைகளிலும் எண் அட்டைகளை அவளும் மணியக்காரரும் நிறுத்தி முடித்தபோது மணி ஒன்பதே கால். அட்டை சாயாமல் நிற்க வேண்டுமென்றால் அதன் அடியில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி, கிளிப்பின் ஒரு காலை மட்டும் வெளியே மடக்கிவிட வேண்டும். அப்புறம் குளிர்சாதனக் காற்று நேரே அடித்தாலும் அசையாது. இதைக் கண்டுபிடித்தவர் மணியக்காரர். அவருடைய வேலை கூடத்தில் நாற்காலி போடுவது. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேடையோரத்துப் பித்தளை மணியை அடித்து, உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி அடுத்த மேசைக்கு விரட்டும் வேலையும் அவர் தலையில் விழுந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பட்டியல்காரி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

கடைசி அட்டையை நிமிர்த்திவிட்டு, திங்கட்கிழமை கடிதம் வந்துவிடுமாமே என்று அவர் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள். மழுப்பி என்ன பயன்? மூன்று வருடமாகப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்த அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். இந்தச் சந்திப்பு நல்லபடியாக முடிந்தால் போதும், அடுத்த வேலை நாளில் உத்தரவு கையில். நிரந்தர ஊழியர்களின் வீட்டாருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அவளுடைய மாமியாரின் வலது முட்டி அறுவைச் சிகிச்சைக்காக ஒன்றரை வருடமாகக் காத்திருந்தது. "உன் வேலை நிரந்தரமாகுறதுக்குள்ள என் நொண்டி நிரந்தரமாயிடும்போல" என்று மாமியார் மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டு ஏறுவாள். சொல்கிறவள் அதோடு விடவில்லை. மருத்துவரிடம் நாள் கேட்டுவிட்டாள், அக்கம்பக்கத்தில் அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டாள்.

அவளுடைய வேலை என்ன என்று கேட்டால், தொலைபேசி என்பாள். நிறுவனம் நடத்துவது ஓர் இணையச் சேவை. மென்பொருள் செய்கிறவர்கள், இணையத்தளம் கட்டுகிறவர்கள், கருவி விற்கிறவர்கள் என்று சின்னச் சின்னத் தொழில்நுட்ப நிறுவனங்கள் அதில் பதிவு செய்துகொள்ளும். பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: 'எங்களுக்குத் தேவை', 'எங்களால் தர முடிவது'. ஒருவரின் தேவையும் இன்னொருவர் தருவதும் பொருந்தினால், மென்பொருள் அந்த இருவரையும் ஒரே மேசையில் சேர்த்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடத்தில் சந்திப்பு. அறுபத்து நான்கு பேர், ஐந்து சுற்று, சுற்றுக்கு எட்டு நிமிடம். யார் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது அவரவர் கைபேசியில் எண்ணாக வந்துவிடும். ஏன் அந்த மேசை என்பது வராது.

கேட்க எளிது. ஆனால் படிவத்தில் மனிதர்கள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். 'நாளைய உலகுக்கான முழுமையான தீர்வுகள்' என்று ஒருவர் எழுதியிருப்பார். அதை வைத்துக்கொண்டு மென்பொருள் என்ன செய்யும் பாவம்? ஆகவே அவள் ஒவ்வொருவரையும் கூப்பிடுவாள். தீர்வு, உலகு என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். "சார், காலையில ஆபீசுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல எதைப் பார்த்து எரிச்சல் வருது உங்களுக்கு?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அப்புறம் கொட்டிவிடுவார்கள். கொட்டியதை எல்லாம் அவள் பத்தே பத்துத் தலைப்புகளில் ஏதாவது ஒன்றில் போட்டு அடைப்பாள். அவள் தொட்ட பட்டியல் மென்பொருளின் தொண்டையில் சிக்கியதே இல்லை.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. கழுத்துப் பட்டையில் பெயர் தொங்க, அறுபத்து நான்கு பேரும் எண் பார்த்து உட்கார்ந்தார்கள். மணியக்காரர் முதல் மணியை அடித்தார்.

இந்த இடத்தில் கூடத்துக்கு என்று ஒரு சத்தம் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் தங்களைப் பற்றி ஒப்பிக்கத் தொடங்கும் சத்தம், மழை பிடிப்பதுபோல. இன்று ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது. பிறகு மேசை மேசையாக நின்றுபோனது. ஆள் ஆளுக்குக் கைபேசியைப் பார்த்தார்கள், எண் அட்டையைப் பார்த்தார்கள், எதிரே இருப்பவரைப் பார்த்தார்கள்.

அவள் தண்ணீர் பாட்டிலை வைக்கும் சாக்கில் ஒன்பதாம் மேசைப் பக்கம் போனாள். கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் தாடிக்காரர் ஒருவரும் எதிரெதிரே இருந்தார்கள்.

"வாடிக்கையாளர் போன் பண்ணா எடுத்துப் பேச நீங்க ஆள் தருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் தாடிக்காரர்.

"நானா? நான் அதுக்குத்தான் ஆள் தேடி வந்திருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

பட்டியல்காரி பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். மேடைக்குப் பின்னால் போய் மடிக்கணினியைத் திறந்தாள். பட்டியலைப் பார்த்த முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கோப்பை அனுப்புவதற்கு முன், 'தேவை' என்ற இரண்டாவது நெடுவரிசையை நகலெடுத்து, நடுவிலிருக்கும் தொலைபேசி எண் வரிசையைத் தாண்டி, நான்காவதான 'தருவது' என்பதற்கு முன்னால் செருகி வைத்துக்கொள்வாள். இரண்டும் பக்கம் பக்கமாக நின்றால் கண்ணாலேயே சரிபார்க்கலாம். எந்த நிறுவனமாவது தனக்கு வேண்டியதையே தானும் தருவதாக இருந்தால், தொலைபேசியில் அவள் காதில் ஏதோ கோளாறு என்று பொருள். மூன்று வருடத்தில் பதினேழு தவறுகளை அப்படிப் பிடித்திருக்கிறாள். பார்த்து முடித்ததும் நகலை அழித்துவிடுவாள். நேற்று மாலை அழிக்கும் நேரத்தில் மாமியார் கூப்பிட்டு, மருத்துவரிடம் செவ்வாயா புதனா என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். புதன் என்று சொல்லிக்கொண்டே அவள் அழித்தது நகலை இல்லை, அடுத்திருந்த அசல் 'தருவது' வரிசையை. மென்பொருள் தலைப்பைப் படிக்காது. நான்காவது நெடுவரிசை எதுவோ அதுதான் அதற்குத் 'தருவது'. அங்கே நின்றது தேவையின் நகல். ஆகவே அது தேவையோடு தேவையைக் கனகச்சிதமாகப் பொருத்திவிட்டது. ஆள் வேண்டும் என்பவருக்கு எதிரே ஆள் வேண்டும் என்பவர். ஐந்து சுற்றுக்கும்.

மணியக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அடிப்பாவி, ரெண்டு மாப்பிள்ளை வீட்டையும் எதிரெதிர உக்கார வெச்சுட்டியே. பொண்ணு வீட்டைக் காணோமே."

"சிரிக்காதீங்கண்ணே. என் வேலை போச்சு."

அவர் சிரிப்பை அடக்கினார். யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காதே, மென்பொருளின் மேல் பழியைப் போடு, அதற்கென்ன மாமியாரா இருக்கிறாள் என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் மென்பொருளின் மேல் பழி போட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் இரண்டு நாள் தூக்கமில்லாமல் இல்லாத கோளாறைத் தேடுவார்கள். மேடையோரம் நின்றிருந்த மேலாளரிடம் நேரே போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. நீங்க சொன்னதை அப்படியே எழுத்துல எனக்கு அனுப்பிடுங்கம்மா" என்றார். அவள் அங்கேயே நின்று, கைபேசியில் நான்கு வரி தட்டி அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கூடத்தின் சத்தம் காதில் விழுந்தது. முதலில் ஐந்தாம் மேசையில் ஒரு வெடிச்சிரிப்பு. பிறகு இருபதில். பிறகு எங்கே என்று சொல்ல முடியாதபடி.

மணியக்காரர் இரண்டாம் மணியை அடித்தார். ஒருவரும் எழவில்லை. மறுபடி அடித்தார். பதினொன்றாம் மேசையிலிருந்து ஒருவர் திரும்பாமலே கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்க என்று காட்டினார். மூன்று வருடத்தில் அவர் மணிக்கு யாரும் மதிப்புக் கொடுக்காத முதல் நாள் அதுதான். எழுந்து போனவர்களும் போகிற வழியில் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு போனார்கள்.

அவள் தண்ணீர் பாட்டில்களோடு மேசைகளுக்கு நடுவே நடந்தாள். நடக்க நடக்க அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது. புரிந்ததும் பயத்தையும் மீறி அவளுக்கு ஒரு குஷி. விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் உட்கார்ந்தால் ஒருவர் புளுகுவார், மற்றவர் பிடிகொடுக்க மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பல்லில் வலி என்றால் புளுக என்ன இருக்கிறது? அதுவுமில்லாமல், ஒரே பள்ளத்தில் விழுந்த இருவர் ஒரே பக்கமாக ஏறியிருக்க மாட்டார்கள். பதினொன்றாம் மேசையில் இருவருக்கும் பழைய கணினி முறையைப் புதியதற்கு மாற்ற ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் சரக்குக் கணக்கை மட்டும் மாற்றி முடித்துவிட்டு மற்றதில் மாட்டிக்கொண்டு நின்றார். மற்றவருக்கு நேர் எதிர். அவர் வைத்திருந்த பாதி இவருக்கு வேண்டும், இவருடைய பாதி அவருக்கு. இருவரும் ஒரே காகிதத்தில் இரண்டு பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் மேசைப் பெண் சுற்று மாறிய பிறகும் தாடிக்காரரைத் தேடிப் போய்விட்டாள். இவளுக்குக் காலையில் மட்டும்தான் அழைப்புகள் குவியும், அவருக்குச் சாயங்காலம் மட்டும். தனித்தனியே ஓர் ஆளை வைத்துக்கொள்ள இருவருக்கும் வழியில்லை. ஓர் ஆளை இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்டால்? இதைக் கேட்டுப் பக்கத்து மேசையிலிருந்து மூன்றாவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், எனக்கு மதியம் என்று சொல்லிக்கொண்டே.

நான்காம் சுற்றில் நாற்காலிகளின் ஒழுங்கே போய்விட்டது. மணியக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "கல்யாண வீட்டுல முதல் பந்தி மாதிரி இருக்கு. எழுப்புனா பாவம்" என்றார்.

தேநீர் இடைவேளையில் கண்ணாடிப் பெண் அவளிடம் வந்து சர்க்கரை எங்கே என்று கேட்டாள். அந்த மேசையில் இருக்கு பாருங்க என்று இவள் சொன்னதும் அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"இந்தக் குரல்... எதைப் பார்த்தா எரிச்சல் வருதுன்னு கேட்டது நீங்கதானே?"

அவள் ஆமாம் என்றாள்.

"ஏங்க, எங்க வீட்டுக்காரர்கூட இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லை" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்களும் திரும்பினார்கள். ஓ, நீங்கதானா அது, என்னையும் கேட்டீங்க, நான் அரை மணி நேரம் புலம்பினேனே என்று நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். தொலைபேசியில் காதில் மட்டும் இருந்த குரல்களுக்கு இப்போதுதான் முகம் வந்தது. தாடிக்காரர் இத்தனை கறுப்புத் தாடியோடு இருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. குரலை வைத்துப் பார்த்தால் வழுக்கையாக இருந்திருக்க வேண்டும். அதை அவரிடமே சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார், வழுக்கைதான். கூட்டம் சிரித்துச் சாய்ந்தது.

சந்திப்பின் முடிவில் எல்லாருடைய கைபேசிக்கும் மதிப்பெண் கேட்டுச் செய்தி போயிற்று. ஐந்துக்கு எவ்வளவு என்று. வழக்கமாக மூன்றைத் தாண்டாது. திரையில் நான்கு புள்ளி எட்டு என்று எழுந்து நின்றது. மேலாளர் மேடை ஏறினார். தேவை உள்ளவர்களையே தேவை உள்ளவர்களோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நாங்கள் துணிந்து எடுத்த புது முயற்சி இது என்று சொன்னார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் அவளும் தட்டினாள், உள்ளங்கை சிவக்க. வேலை தப்பித்துவிட்டது என்று நினைத்தாள். மணியக்காரர் குனிந்து, "உன் தப்புக்குத்தான் தட்டுறாங்க, ஒரு கும்பிடு போடு" என்றார். திரைக்காக விளக்கணைத்திருந்த இருட்டுக்குள் அவள் கும்பிட்டாள். இருவரும் சிரித்ததில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். அடுத்த சந்திப்புக்கு இடம் நிரம்பிவிட்டது, தொண்ணூறு நிறுவனங்கள் காத்திருக்கின்றன என்றார். சேவைக்குப் புதுப் பெயரே வைத்துவிட்டார்களாம். பிறகு ஒரு கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஆவலாக எடுத்தாள். அது வேறு கடிதம்.

அவள் எழுதி அனுப்பிய நான்கு வரி மனிதவளப் பிரிவுக்குப் போயிருந்தது. ஊழியர் தவறு என்று எழுத்தில் பதிவானால், அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு நிரந்தரமாக்க முடியாது என்பது விதி. விதியை மேலாளர் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார். தனக்கும் வருத்தம்தான் என்றார். பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கம்போலத் தொடருமாம், அதில் கவலை வேண்டாமாம்.

"அப்புறம்மா, அடுத்த தடவையும் இதே மாதிரி வேணும். அச்சு அசலா."

"தப்பையா சார்?"

"முறையை" என்றார் அவர்.

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு மேசை தள்ளி நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த மணியக்காரர் என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டார். கைபேசியில் மாமியாரின் அழைப்பு இரண்டாவது தடவையாக மின்னி அணைந்தது. கடிதத்தின் அடியில் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. கோட்டுக்கு மேலே: 'மேற்கண்ட தவறை இனி ஒருபோதும் செய்ய மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.' அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, தொண்ணூறு நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து, 'தேவை'யை நகலெடுத்து நான்காவதாகச் செருகினாள். பிறகு ஐந்தாவது நெடுவரிசையை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து, இந்தத் தடவை கவனமாக, அழித்தாள்.