நீலச் சேலைக்கு டிக்கெட் இல்லை

சங்கரி டீச்சருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் விட்ட அவருடைய நீல நூல்சேலை டவுன் பஸ் ஏறி ஆழ்வார்குறிச்சிக்குத் திரும்பி வந்தது. தக்காளி விலை இறங்கியிருந்ததால் பஸ்ஸில் நல்ல சந்தைக் கூட்டம். உள்ளே ஆளில்லாமலே கொசுவம் கலையாமல் உடுத்தியபடி முன்படியில் ஏறி, முந்தானையால் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது. சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால் யாரும் பக்கத்தில் நெருங்கவில்லை. "இதுக்கு டிக்கெட் கிழிக்கணுமாவே?" என்று டிரைவர் கேட்டதற்கு, "பொம்பளையாளுக்கு இலவசம்லா, நிக்கட்டும்" என்றார் கண்டக்டர். ஊரில் இறங்கி, டீச்சர் செய்வதுபோலவே மருந்துக்கடை முன்னால் கொஞ்சம் நின்று இளைப்பாறிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கொல்லைக் கொடியில் தானே ஏறித் தொங்கியது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் கோமு எட்டிப் பார்த்து, "அத்தை சேலை வந்துட்டு" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் நமச்சிவாயம் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

டீச்சர் இந்த ஊரில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். இன்றைக்கு இங்கே கையெழுத்துப் போடுகிற பாதிப் பேருக்கு எழுத்து அவர் போட்டது. வகுப்பில் பென்சிலோ டப்பாவோ கேட்பாரற்றுக் கிடந்தால் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். உயரத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று ஒரே ஒரு தரம் கேட்பார். உரிய பிள்ளை எழுந்திருக்கும்வரை கையை இறக்கமாட்டார். ஒருமுறை யாரும் எழுந்திருக்காமல் போக, வெயில் ஜன்னலைவிட்டு நகராமல் அப்படியே நின்றது. மணியடிக்கும் ஆயா கையில் கட்டையோடு காத்திருந்தாள். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தது டீச்சர் பெற்ற பிள்ளைதான். அதற்குப் பிறகே பொழுது சாய்ந்தது என்று அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். ஓய்வு பெற்றபின் டீச்சர் மலையடிப் படித்துறைக்குப் போகத் தொடங்கினார். அங்கே காரியமும் பரிகாரமும் முடித்து முங்கி எழுகிறவர்கள், உடுத்திய துணியைப் பாவத்தோடு சேர்த்துத் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். அது பாறையிலும் வேரிலும் சிக்கி நாறும், குளிக்கிறவர் காலைச் சுற்றும். டீச்சரும் அவரோடு சேர்ந்துகொண்ட பேட்டை ஹமீது பீவி டீச்சரும், நீளக் கம்பில் கொக்கி கட்டிய துரட்டியால் அதையெல்லாம் இழுத்துக் கரையில் போடுவார்கள். "எங்க பாவத்தையில்லா வெளிய இழுத்துப் போடுதீய!" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "பாவத்த ஆறு வச்சுக்கிடட்டும் அண்ணாச்சி, வேட்டிய நீங்க வீட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க" என்றார் டீச்சர். "இது என்ன லாண்டரியா? லாண்டரிக்காரனாவது திருப்பித் தருவான்" என்று ஹமீது பீவி தன் பங்குக்கு ஒன்று வைத்தார். ஆறு அதைக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

படுக்கையில் விழுந்த பிறகு டீச்சர் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எல்லாக் காரியமும் செய்யி, நான் வேண்டாம்ங்கல. என் துணிய மட்டும் தண்ணில வுட்டுராத, என்னா?" நமச்சிவாயம், "சரிம்மா" என்றார். ராதாபுரத்தில் அரசு உத்தியோகம் பார்ப்பவர், அவர் சரி என்றால் சரிதான். ஆனால் பதினாறாம் நாள் படித்துறையில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, கையில் சேலையோடு அவர் தயங்கியபோது, டீச்சரின் தம்பி சிவசைலம், "ஏலே, முழிச்சுக்கிட்டு நிக்கே? வுடுலே. நாளைக்கு வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா ஊரு ஒன்னத்தான் சொல்லும்" என்றார். "அப்பா, ஆச்சி வேண்டாம்னு சொன்னாங்கல்லா?" என்று மகள் விஜயஸ்ரீ எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சும்மா இருட்டீ" என்று அவளை அடக்கிவிட்டு, நமச்சிவாயம் குனிந்து சேலையைத் தண்ணீரில் விட்டார். உடுத்தியிருந்த வேட்டியையும் அவிழ்த்து விட்டுவிட்டு வேறு கட்டிக்கொண்டார். கடைசிப் படியில் துரட்டியோடு நின்றிருந்த ஹமீது பீவி அதை இழுக்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நமச்சிவாயத்துக்கு இருந்தது.

கொடியில் தொங்கிய சேலை காயவே இல்லை. சித்திரை வெயில் அடித்தும் காயவில்லை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல், வாசற்படி ஏறி, வீட்டுக்குள் நமச்சிவாயம் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே போய் அவர் காலடியில் தேங்கியது. அலுவலகத்தில் அவருடைய நாற்காலிக்கடியிலும் தேங்கியது. "என்ன சார், கால் வேர்க்குதோ?" என்று கேட்டவர்களிடம் குழாய் ஒழுகுகிறது என்றார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, துவைத்துப் போட்டிருக்கிறது என்றார். பிறகு ஒரு விடியற்காலையில் சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய், திருநெல்வேலிப் பாலத்திலிருந்து மறுபடியும் ஆற்றில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அது திரும்பி வந்தது. வரும்போது அவர் விட்ட வேட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்த வாரம், அவருடைய அப்பா காரியத்தில் எப்போதோ விட்டு, பாசி பிடித்துப் பச்சையாகிப்போன வேட்டி வந்தது. அப்புறம் சிவசைலம் மாமாவின் துண்டு, எதிர்வீட்டார் சேலை, மருந்துக்கடைக்காரர் சட்டை என்று வாரந்தோறும் வந்து, கொல்லையில் கொடிக்கு இடமில்லாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் ஏதோ விசாரிக்க வருவதுபோல் வந்து, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நம்ம துணி ஒண்ணும் இல்ல" என்று பையப் போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலை கொடியைவிட்டு இறங்கியது. முற்றத்து நடுவில் நின்று, முந்தானையை உயர்த்தி நமச்சிவாயத்தின் வேட்டியைத் தூக்கிப் பிடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரவில்லை. வெயில் ஓட்டுக் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. கோயிலில் சாயரட்சைப் பூசைக்குத் திரியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பால்மாடுகள் மடி கனத்துக் கத்தின. தெருவே வீட்டுக்குள் வந்து நின்றது. "யாருதுன்னு சொல்லித் தொலைங்கப்பா, எம் மாட்டுக்கு மடி வெடிச்சிரும் போலுக்கு" என்று ஒரு கிழவி சத்தம் போட்டாள். சிவசைலம் கூரையைப் பார்த்தார். விஜயஸ்ரீ அப்பாவைப் பார்த்தாள். நமச்சிவாயம் நாற்காலியைவிட்டு எழுந்தார். எழுந்ததும் தலை தானாகத் தொங்கியது. "என்னுது. அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியும் நாந்தான் வுட்டேன். மாமா சொன்னாங்கன்னு இல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க, அதுக்குப் பயந்து வுட்டேன்." முந்தானை தணிந்தது, வெயிலும் தணிந்தது. "அந்தத் துண்டு என்னுதுதாம்வே" என்று சிவசைலம் தொண்டைக்குள் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் துணியை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவழியாகப் போகக் கூச்சப்பட்டுக் கொல்லை வழியாகப் போனார்கள்.

சேலை அதன்பிறகு காய்ந்தது. ஓரம் மட்டும் இன்னும் ஈரம்தான், அது காயுமென்று நமச்சிவாயமும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பஸ் ஏறுகிறது, அவரும் கூடவே ஏறுகிறார். படித்துறையில் ஹமீது பீவி, "வாங்க டீச்சர், இன்னைக்குத் துணி சாஸ்தி" என்று சேலையைத்தான் கூப்பிடுகிறார். நமச்சிவாயத்தோடு பேசுவதில்லை. முகத்தைப் பார்க்காமல் துரட்டியை மட்டும் நீட்டுகிறார், அவர் வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்தில் யாரும் நெருங்குவதில்லை, ஈரம் ஒட்டிவிடும். கண்டக்டர் சேலையைத் தாண்டி வந்து, அவருக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கிறார்.