அடித்தது ஊர்ப்பெயரை மட்டும்

எங்கள் வீட்டுக் கடிதங்கள் போர்க்காலக் கொலைகளை விசாரிக்கும் கமிஷன் மேஜைக்குப் போய்விட்டன என்று கேள்விப்பட்டதும், தம்பி மனைவியை வரவழைத்து நிற்க வைத்தே கேட்டேன்.

"வீட்டுக் குப்பையைத் தெருவுல கொட்டிட்டு வந்திருக்கியே, நல்லா இருக்கா?"

"இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன், மாமா? போன மாசம் டி.வி.யில உட்கார்ந்து, 'நாங்க ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் பண்ணல, அப்பனைக் கொன்னாங்கன்னு அழற பொண்ணுங்க எல்லாம் புளுகுறாங்க'ன்னாரே உங்க தம்பி. அதான் பொறுக்கல." நகல் ஒன்றை என் முன்னால் வைத்தாள். "படிச்சுட்டுத் திட்டுங்க."

தெருவே என் தம்பியைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். அவன் கேப்டன் ஆனதே இல்லை. கூப்பிட்டவர்களைத் திருத்தியதும் இல்லை. என் முன்னால் இருந்தது, போர்முனையிலிருந்து இவளுக்கு அவன் எழுதிய கடிதம். ஒரு ஊரைச் 'சுத்தம்' செய்தார்களாம். பள்ளிக்கூடச் சுவரோரம் ஊராரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கிழவர், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், எடுத்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். 'எதைப் பார்க்கப் போகிறாய் தாத்தா என்றேன். சாப்பாடு முடியும்வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.' அடுத்த வரியில் கம்பளிச் சட்டை கேட்டிருந்தான்.

ராணுவத் தணிக்கை முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. ஊர்ப்பெயரின் மேல் மட்டும் கறுப்பு மை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஊர்ப்பெயர் ரகசியமாம்; கொலை ரகசியமில்லையாம்!

மறுநாள் தம்பியே வந்தான்.

"அண்ணா, அது என் எழுத்தே இல்லைன்னு வக்கீல் வாதாடப் போறாரு. அவ கோவத்துல சொல்றான்னு தள்ளிடலாம். உன்னைக் கேட்டா மட்டும் இல்லைன்னுடு."

"உன் எழுத்துதானே?"

"அவளைச் சிரிக்க வைக்க எழுதினேன். சண்டைன்னா அப்படித்தான் இருக்கும். நம்ம குடும்ப மானத்தைப் பாரு."

"கிழவர் கண்ணாடி கேட்டது நிஜமா?"

"அந்தாளு பேரே யாருக்கும் தெரியாது, விடு."

இடது கைப் பழக்கமுள்ள இவனை உட்கார வைத்து, வலது கையால் எழுதப் பழக்கியவன் நான். அந்தச் சாய்ந்த எழுத்தை இருட்டில்கூட அடையாளம் சொல்வேன்.

கமிஷன் அறையில் அவனுடைய வக்கீல் குழைந்தார்: "பெரியவரே, குடும்ப மானத்தை மனசுல வச்சுச் சொல்லுங்க."

"வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். இது என் தம்பி எழுத்து."

போகலாம் என்றார்கள். நான் நகரவில்லை. கடிதத்தில் இருப்பதை எப்படி எழுதினீர்கள் என்று சுருக்கெழுத்தரிடம் கேட்டேன். 'முதியவர் ஒருவர் உட்படப் பலர் கொல்லப்பட்டனர்' என்று வாசித்தார்.

"முதியவர் ஒருவரா? அவர் கண்ணாடி கேட்டாருய்யா! இவனுங்க சிரிச்சானுங்க! கேட்டதைக் கேட்டபடி எழுதுங்க, சிரிச்சதைச் சிரிச்சபடி எழுதுங்க."

எழுதினார். பின்னால் நாற்காலி தடாலென்று விழுந்தது. "இனிமே நீ எனக்கு அண்ணனே இல்ல!" என்று தம்பி கத்தினான்.

நான் திரும்பவில்லை. சுருக்கெழுத்தரைப் பார்த்துச் சொன்னேன்:

"அதையும் எழுதிக்குங்க."